இலையுதிர் காலத்தில் ஏரி நீர் புரளுதலும் பாஸ் மீனும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில், டென்னசி மாநிலத்துக் கிளிஞ்ச் ஆற்றின் குறுக்கே, நாரிஸ் அணை 1936-ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்டது. இதனைக் கட்டிய டென்னசிப் பள்ளத்தாக்கு ஆணையமே 1948-இல் இந்தியாவில் தோன்றிய தாமோதர் பள்ளத்தாக்குக் கழகத்திற்கு முன்மாதிரியாக இருந்தது. இத்தகைய ஆழமான நீர்த்தேக்கங்களில் பெருவாய் பாஸ் என்னும் மீனைத் தூண்டிலிட்டுப் பிடிப்பது அந்நாட்டாரின் பெரும் பொழுதுபோக்காகும். கோடை முழுவதும் ஓரிடத்தில் தவறாது அகப்பட்டு வந்த மீன், இலையுதிர் காலம் பிறந்த சில நாட்களுக்குள் அவ்விடத்தை விட்டு மறைந்துவிடுவதுண்டு. மீன் குறைந்து போயிற்று என்று தூண்டிற்காரர் எண்ணுகிறார். உண்மையில் மாறியது நீரே ஆகும்.

கோடையில் வெயிலால் சூடேறிய நீர் இலேசாகி மேலே மிதக்கிறது. குளிர்ந்த நீர் கனமாகி அடியில் தங்குகிறது. இவ்விரண்டிற்கும் நடுவே, சில மீட்டர் ஆழத்திற்குள் வெப்பநிலை விரைவாகக் குறையும் இடையடுக்கு ஒன்று அமைகிறது. நீர் சுமார் 4 டிகிரி சென்டிகிரேடில் மிகுந்த அடர்த்தி உடையது என்பது பள்ளி மாணவரும் அறிந்ததே. ஆயினும், ஒரு டிகிரி வேறுபாட்டின் விளைவு எல்லா வெப்பநிலைகளிலும் ஒன்றாக இராது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. 24 டிகிரிக்கும் 25 டிகிரிக்கும் இடையிலுள்ள அடர்த்தி வேறுபாடு, 4 டிகிரிக்கும் 5 டிகிரிக்கும் இடையிலுள்ளதைப்போல் ஏறத்தாழ முப்பது மடங்காகும். ஆகவேதான் வெப்பமான ஏரியின் அடுக்குகளைக் காற்று எளிதில் கலக்க இயலுவதில்லை.

இவ்வாறு பிரிந்து கிடக்கும் அடியடுக்கிற்கு மேலிருந்து பிராணவாயு கிட்டுவதில்லை. அங்கே விழும் இலை, பாசி, கழிவு ஆகியவை அழுகும்போது இருக்கும் பிராணவாயுவும் செலவாகிறது. கோடையின் முடிவில், வளமிக்க ஏரிகளின் அடிநீரில் அது அறவே இல்லாமற் போவதும் உண்டு. அப்போது அழுகிய முட்டை நாற்றமுடைய ஹைட்ரஜன் சல்பைடு அங்கே சேர்கிறது. ஒரு லிட்டர் நீரில் பிராணவாயு 3 மில்லிகிராமுக்குக் கீழே போனால் பாஸ் மீன் அவ்விடத்தைத் தவிர்க்க முற்படும். அடிநீர் குளிர்ச்சியாய் இருப்பினும் அதற்கு வாழிடமாவதில்லை.

செப்டம்பர் இறுதியிலிருந்து இரவுகள் குளிரத் தொடங்குகின்றன. மேல்நீர் குளிர்ந்து கனத்து இறங்குகிறது. இடையடுக்கு வாரந்தோறும் சிறிது சிறிதாக ஆழத்திற்குத் தள்ளப்படுகிறது. மேலும் கீழும் ஒரே வெப்பநிலையை அடைந்தபின் வீசும் காற்று ஏரி முழுவதையும் கலக்கிவிடுகிறது. இதுவே நீர் புரளுதல் எனப்படும். நீர் கலங்கிப் பழுப்பாகும். அழுகிய இலைத் துணுக்குகள் மேலே மிதக்கும். சில வேளை நாற்றமும் எழும். ஆழம் குறைந்த கிளைகள் முன்னதாகவும், அணையை ஒட்டிய ஆழ்பகுதி பல வாரங்கள் பின்னதாகவும் புரளுகின்றன. அனுபவமுள்ள தூண்டிற்காரர் கலங்கிய கிளையை விட்டு, ஓடை வந்து சேரும் மற்றொரு கிளைக்குப் படகைச் செலுத்துவது இக்காரணம் பற்றியே.

புரண்டபின் பிராணவாயு அடிவரை பரவுவதால், மீன் எந்த ஆழத்திலும் இருக்கலாம். அதைத் தேடுவது கடினமாகிறது. பாஸ் மீனின் இருப்பிடத்தை அப்போது தீர்மானிப்பது பெரும்பாலும் அதன் இரையே. ஹெர்ரிங் இனத்தைச் சார்ந்த ஷாட் என்னும் சிறு மீன்கள் இக்காலத்தில் கூட்டங்கூட்டமாகக் கிளைகளின் உட்பகுதியை நோக்கிச் செல்கின்றன. பாஸ் அவற்றைத் தொடர்கிறது. நீர் 10 டிகிரிக்குக் கீழே குளிர்ந்ததும் அதன் பசி மந்தமாகிவிடும். இதனிடையே, குளிர்கால வெள்ளத்திற்கு இடம் விடும் பொருட்டு அணையின் நீர்மட்டமும் பல அடி இறக்கப்படுகிறது. கரையோரப் புதர்களில் இருந்த மீன், நீர் வற்ற வற்றப் பழைய ஆற்றுப் படுகையின் விளிம்பிற்கு நகர்கிறது. மீன் அகப்படாத ஒவ்வொரு நாளுக்கும் நீர் புரண்டதையே காரணமாகக் கூறுவோர் உளர். அது பெரும்பாலும் சாக்கேயன்றி வேறன்று.

ஆனால் புரளுதல் உயிருக்கே கேடாகும் நிலையும் உண்டு. குமாயூன் மலையிலுள்ள நைனிதால் ஏரி கோடையில் அடுக்குகளாகப் பிரிந்து, குளிர்காலத்தில் கலக்கிறது. நகரக் கழிவுகளால் அதன் அடிநீர் பிராணவாயுவை இழந்திருந்தமையால், அந்நீர் மேலெழுந்து கலந்த காலங்களில் மீன்கள் திரளாக மடிந்தன. 2007-ஆம் ஆண்டு முதல் குழாய்களின் வழியே ஏரியின் அடியில் காற்றைச் செலுத்தும் முறை அங்கே மேற்கொள்ளப்பட்டது.

ஆசிரியர்கள் இதனை வகுப்பில் எளிதில் காட்டலாம். ஒரு கண்ணாடித் தொட்டியில் பாதியளவு குளிர்ந்த நீர் ஊற்றி, அதன்மேல் ஓர் அட்டைத் துண்டை மிதக்கவிட்டு, சாயமிட்ட வெந்நீரை அட்டையின் மீது மெதுவாக ஊற்றுக. விசிறியால் வீசினால் சாயநீர் மேலேயே அலைந்து நிற்கும். இரண்டும் ஒரே வெப்பத்தை அடைந்தபின் வீசினால் சாயம் அடிவரை இறங்கும்.

களப்பணியாளருக்கு ஒரு வெப்பமானியும், மீட்டருக்கொரு முடிச்சிட்ட கயிறும், கல் கட்டிய புட்டியும் போதும். தக்கையிட்ட புட்டியை வேண்டிய ஆழத்திற்கு இறக்கி, வேறொரு நூலால் தக்கையை இழுத்து, நீர் நிறைந்ததும் தூக்கி, உடனே வெப்பநிலையைக் குறிக்க வேண்டும். மீட்டருக்கு ஒரு டிகிரிக்கு மேல் குறையும் இடமே இடையடுக்கு. அது வாரந்தோறும் இறங்குவது குறிப்பேட்டில் தெரிந்தால், புரளும் நாள் நெருங்குகிறது என்று அறியலாம். பிராணவாயுவை அளக்க மட்டும் இப்புட்டி உதவாது; நீர் நுழையும்போது உள்ளிருக்கும் காற்று குமிழியிட்டு அதில் கரைந்து, இல்லாத பிராணவாயுவை இருப்பதாகக் காட்டிவிடும். அதற்கு, காற்றுப் படாமல் நீரை எடுக்கும் கருவியும் விங்க்ளர் முறையும் தேவை.