ரகசியக் கணிப்பை நிரூபிக்க ஹாஷ்

கோப்பையை வெல்லும் அணியை இன்றே கணித்து, பிறகு நிரூபிக்க வேண்டுமா? நான் பின்பற்றும் வழி இதோ.

நோட்பேடில் கணிப்பை டைப் செய்யுங்கள். கூடவே தொடர்பில்லாத பத்து சொற்களையும் சேருங்கள். இல்லையென்றால் நண்பர் ஒவ்வொரு அணியாகப் போட்டுப் பார்த்துக் கண்டுபிடித்துவிடுவார். சேவ் செய்த ஃபைலில் ரைட் கிளிக் செய்து, 7-ஜிப் தரும் மெனுவில் எஸ்ஹெச்ஏ-256 தேர்ந்தெடுத்தால் 64 எழுத்து, எண்கள் கொண்ட ஹாஷ் கிடைக்கும். அதை மட்டும் நண்பருக்கு அனுப்புங்கள். முடிவு தெரிந்ததும் ஃபைலைக் கொடுங்கள். அவரது கணினியிலும் அதே ஹாஷ் வரும். ஒரு புள்ளியை மாற்றியிருந்தாலும் வராது.

பழைய எம்டி5 வேண்டாம். 2007-ல் ஸ்டீவன்ஸ், லென்ஸ்ட்ரா, டி வெகர் ஆகியோர் 2008 அமெரிக்க அதிபர் தேர்தல் கணிப்பு என்று ஓர் எம்டி5 ஹாஷை வெளியிட்டனர். வெவ்வேறு பெயர்கள் கொண்ட 12 பிடிஎஃப் ஃபைல்களுக்கும் அதே ஹாஷ்தான்! யார் வென்றாலும் ‘சொன்னேனே’ எனலாம்.