சொல்லும் பண்பும்

வண்டலூரிலிருந்து வாலாசாபாத் நோக்கிச் செல்லும் பெருஞ்சாலையில், தாம்பரத்திற்குத் தென்மேற்கே அமைந்துள்ள ஊர் படப்பை. பழைய தொண்டை நாட்டைச் சேர்ந்த இவ்வூரின் பெயர், சங்கப் பாடல்களில் பயின்று வரும் அழகிய சொல் ஆகும். வீட்டை அடுத்துள்ள தோட்டத்தையும் கொல்லையையும் பழந்தமிழர் படப்பை என்று வழங்கினர். தோட்டத்தில் நாம் விதைத்தவை மட்டும் முளைப்பதில்லை. விதையாத களையும் தானே முளைக்கும். களையைப் பறிப்பவனுக்கே தோட்டம் பயன் தரும். மனிதனுடைய நாவும் இத்தகைய ஒரு படப்பையே.

காலை வேளையில் இவ்வூர் வழியே தாம்பரம் செல்லும் பேருந்தில் பள்ளி மாணவர் பலர் ஏறி நிற்பதைக் காணலாம். வண்டி குலுங்குகிறது, ஒருவன் காலை மற்றொருவன் மிதித்துவிடுகிறான். மிதிபட்டவன் வாயிலிருந்து உடனே ஒரு வசைச்சொல் புறப்படுகிறது. மிதித்தவன் அதனினும் கொடிய ஒன்றை விடையாகத் தருகிறான். சூழ நிற்போர் சிரிக்கின்றனர். முன்னிருக்கையில் தாயின் மடியில் அமர்ந்திருக்கும் சிறு குழந்தை அச்சொற்களைக் கேட்டுக்கொண்டே வருகிறது. இக்காட்சி படப்பைக்கு மட்டும் உரியதன்று. தமிழ்நாட்டின் எவ்வூரிலும் நிகழக் கூடியதே.

ஆசிரியர் இதனைக் கண்டித்தால் மாணவர் கூறும் விடை ஒன்று உண்டு: "விளையாட்டாகச் சொன்னோம், ஐயா, நண்பர்களுக்குள் இது வழக்கந்தான்." இவ்விடையை எளிதில் தள்ளிவிடுதல் ஆகாது. அவர்கள் உள்ளத்தில் தீமை இல்லை என்பது பெரும்பாலும் உண்மையே. திரைப்படத்திலும் கைப்பேசியிலும் கேட்டவற்றையே அவர்கள் திரும்பச் சொல்லுகின்றனர். பெரியோர் சிலர் தெருவிலும் வீட்டிலும் பேசுவதையே பின்பற்றுகின்றனர். ஆயினும் சொல்லுபவன் கருத்து ஒன்றாக, கேட்பவன் புண் வேறாக இருத்தல் உண்டு. கல்லை விளையாட்டாக எறிந்தாலும் பட்டவனுக்கு வலி மெய்யே அன்றோ?

வசைச்சொற்கள் யாரைச் சுடுகின்றன என்பதை ஆராய்ந்து பார்த்தல் வேண்டும். அவற்றுள் பல, ஏசப்படுபவனுடைய தாயையும் உடன்பிறந்தாளையும் இழிவு செய்வன. சில, பிறந்த குலத்தைச் சுட்டுவன. வேறு சில, பார்வையின்மை, கால் ஊனம் போன்ற உடற்குறையைப் பழிப்பன. காலை மிதித்தவன் ஒருவன்; வசையைச் சுமப்பவளோ, வீட்டில் அடுப்பருகே நின்று அவனுக்கு உணவு சமைத்து அனுப்பிய அன்னை. அவள் செய்த பிழை என்ன? கால் இடறியவுடன் 'அம்மா' என்று அலறுபவனும் தமிழ் மாணவனே. சினம் வந்தவுடன் பிறனுடைய அம்மாவைத் தெருவில் இழுப்பவனும் அவனே. இவ்விரண்டும் ஒரே நாவில் பொருந்துமா என்று ஒவ்வொருவனும் தன்னைக் கேட்டுக்கொள்ளல் தகும்.

சொல்லின் தகுதியைப் பற்றித் தமிழ் இலக்கண ஆசிரியர்கள் மிகப் பழங்காலத்திலேயே சிந்தித்தனர். அவையில் கூறத் தகாத சொல்லை மறைத்துக் கூற வேண்டும் என்னும் விதியைத் தொல்காப்பியர் சொல்லதிகாரத்தில் அமைத்தார். பின்னர் வந்த நன்னூலார், தகுதி வழக்கினை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூன்றாகப் பகுத்தார். மலங்கழுவி வந்ததைக் 'கால் கழுவி வந்தேன்' என்பது இடக்கரடக்கல். சுடுகாட்டை 'நன்காடு' என்பது மங்கலம். இவை பொய்ம்மொழிகள் அல்ல. கேட்போர் கூசாதவாறு உண்மையை உணர்த்தும் முறைகளே ஆகும். இம்மரபு இன்றும் வாழ்கின்றது. உடற்குறை உடையோரை முன்பு குறையைச் சுட்டியே அழைத்தனர். இப்போது 'மாற்றுத்திறனாளி' என்கிறோம். பெயர் மாறியபோது நோக்கும் மாறத் தொடங்கியது.

அவ்வாறாயின் சினம் கொள்ளவே கூடாதா என்று மாணவர் வினவலாம். சினம் கொள்ளலாம்; அதனை உரைக்கும் முறையில்தான் மேன்மையும் கீழ்மையும் விளங்கும். தலையாலங்கானத்துச் செருவென்ற பாண்டியன் நெடுஞ்செழியன் இளம் பருவத்திலேயே அரியணை ஏறியவன். பகைவேந்தர் அவனைச் சிறுவன் என்று எள்ளி நகையாடினர். அப்போது அவன் கூறிய வஞ்சினம் புறநானூற்றில் எழுபத்திரண்டாம் பாட்டாக உள்ளது. பகைவர் பேச்சைச் 'சிறுசொல்' என்ற அளவில் கூறி நிறுத்தினான். அவர்கள் குடியையோ அன்னையரையோ பழிக்கவில்லை. அவர்களை வெல்லேனாயின் என் குடிமக்கள் என்னைக் கொடியவன் என்று தூற்றுக; மாங்குடி மருதனைத் தலைவராகக் கொண்ட புலவர் என் நாட்டைப் பாடாது ஒழிக; இரப்போர்க்கு ஈய இயலாத வறுமை என்னைச் சேர்க என்று தன்னையே சபித்துக்கொண்டான். பின்னர்ச் சேரனும் சோழனும் வேளிர் ஐவரும் சேர்ந்து எதிர்த்த அப்போரில் வெற்றியும் பெற்றான். இழிசொல் ஒன்றும் இல்லாத அச்சினம் இன்றளவும் நிலைத்து நிற்கின்றது.

தொண்டை நாட்டுக்கே உரிய சான்றும் ஒன்று உண்டு. அதியமானுடைய தூதராக ஔவையார் தொண்டைமானிடம் சென்றார். அவன் தன் படைக்கலக் கொட்டிலைப் பெருமையுடன் காட்டினான். இங்குள்ள கருவிகள் நெய் பூசப்பெற்று, மாலை சூடி, காவலுடன் அழகாக உள்ளன. அதியமானுடைய வேல்களோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்று அவர் கூறினார். புகழ்வது போன்ற அப்பேச்சில், போர் அறியாத அரசனுக்கு உரிய எச்சரிக்கை அடங்கியிருந்தது. இவ்வாறு பேசுவதற்குச் சொல்வளம் வேண்டும். வசைபாடுவதற்கு அது வேண்டுவதில்லை. சினம், வெகுளி, சீற்றம், முனிவு, செற்றம் எனக் கோபத்திற்கே பல சொற்களைத் தந்த மொழி தமிழ். வலிக்கும் வியப்புக்கும் வெறுப்புக்கும் ஒரே இழிசொல்லை வழங்குபவன், இத்தனை செல்வத்தையும் பூட்டிவைத்துவிட்டு வறியவனாகத் திரிகிறான்.

சொல் சொல்லளவில் நின்றுவிடும் என்று எண்ணுதலும் பிழை. 2023 ஆகஸ்டு மாதத்தில், திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் இரவில் தன் வீட்டிலேயே அரிவாளால் வெட்டப்பட்டான். உடன் பயின்ற சிலர் சாதியைக் காட்டி அவனை இழிவுபடுத்தி வந்தனர் என்றும், துன்பம் தாங்காமல் பள்ளிக்குச் செல்வதையே அவன் நிறுத்தினான் என்றும், ஆசிரியரிடம் அதனை உரைத்த பின்னரே இக்கொடுமை நிகழ்ந்தது என்றும் செய்திகள் கூறின. மாணவரிடையே சாதி வேற்றுமையைக் களையும் வழிகளை ஆராயத் தமிழ்நாட்டு அரசு நீதியரசர் கே. சந்துரு தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. 2024 சூனில் அக்குழு தன் அறிக்கையை அளித்தது. இழிசொல்லை முதல் நாளிலேயே சிரித்து வரவேற்காமல் தடுப்பவர் இருந்தால் எத்தனையோ துன்பங்கள் முளையிலேயே அழியும்.

சட்டம் இதனைத் தடுத்துவிடாதா? பொது இடத்தில் பிறர்க்குத் தொல்லை விளையுமாறு ஆபாசச் சொல் கூறுவோர்க்கு மூன்று மாதம் வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம் என்று பாரதிய நியாய சன்ஹிதாவின் 296-ஆம் பிரிவு கூறுகின்றது. ஆனால், கல்லூரி மாணவர் பேச்சைக் காட்டிய ஓர் இணையத்தொடர் பற்றிய வழக்கில், வசைமொழி ஒன்றே ஆபாசக் குற்றம் ஆகிவிடாது என்று உச்ச நீதிமன்றம் 2024 மார்ச்சில் தீர்ப்பளித்தது. குற்றம் அல்லாதன எல்லாம் பண்பு ஆகிவிடுமா? சட்டத்தின் வேலி முடியும் இடத்திற்கு அப்பாலும் பரந்த நிலம் உள்ளது. அந்நிலத்தைக் காப்பது அவரவர் மனமே.

பிரம்பும் இதற்கு மருந்தன்று. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் மாணவரை அடித்தலையும் மனம் நோகச் செய்தலையும் ஒருங்கே விலக்குகின்றது. ஆகவே ஆசிரியரும் பெற்றோரும் தம் நாவை முதலில் காத்தல் வேண்டும். 'மாடு', 'கழுதை' என்று ஏசித் திருத்தப்பட்ட மாணவன், ஏசுதலையே பாடமாகக் கற்றுக்கொள்வான்.

மாணவர் செய்யத்தக்கன அரியவை அல்ல. சினம் எழுந்தவுடன் ஒரு மூச்சு நேரம் வாய் மூடியிருத்தல் முதலாவது. 'நீ செய்தது எனக்கு வருத்தம் தருகிறது' என்று உள்ளதை உள்ளவாறு கூறுதல் இரண்டாவது. பிறர் வசைபாடும்போது சிரியாதிருத்தல் மூன்றாவது. சிரிப்பவர் இல்லாத இடத்தில் வசைக்குச் சுவை இல்லை. தன்னையோ பிறரையோ ஒருவன் இடைவிடாது இழிவு செய்து வந்தால் ஆசிரியரிடம் கூறுதல் நான்காவது. அது கோள் சொல்லுதல் அன்று, துணிவு. கூற அஞ்சுவோர் 1098 என்னும் குழந்தைகள் உதவி எண்ணை அழைக்கலாம். தவறிச் சொல்லிவிட்டால் தயங்காது மன்னிப்புக் கேட்டல் ஐந்தாவது.

மாணவர்களே! நாளைக் காலையிலும் பேருந்து குலுங்கும். யாரோ ஒருவன் உங்கள் காலை மிதிப்பான். உங்கள் வாயிலிருந்து வருவது எதுவாயினும், முன்னிருக்கையில் உள்ள அக்குழந்தை அதனைக் கேட்கும். அதன் படப்பையில் நீங்கள் தூவுவது களையோ நல்விதையோ என்பதை நினைத்து வாய் திறவுங்கள்.