ஆறிய பின்னரே அணிவகுப்பு

நுழையும்முன்

படைப்பணி என்றதும் வலியைப் பொறுத்துக்கொள்ளும் உறுதியே பலருக்கு நினைவில் எழுகிறது. ஆயினும் வலியைப் பொறுப்பது வேறு. காயத்தை மறைப்பது வேறு. விளையாட்டிலோ ஓட்டப் பயிற்சியிலோ காயமுற்ற மாணவர், இராணுவப் பயிற்சிக் கழகத்தில் சேர்வதற்கு முன் அதனை எவ்வாறு கையாள வேண்டும் என்பதை இப்பாடம் விளக்குகிறது.

ஊர்ச்சாலையில் தொடங்கும் பயிற்சி

தென்காசி மாவட்டத்துச் சுந்தரபாண்டியபுரம், சூரியகாந்தி வயல்களுக்குப் பெயர்பெற்ற ஊர். மேற்கே மலைத்தொடர் நிற்க, செங்கோட்டைக் கணவாய் வழியே தென்மேற்குப் பருவக்காற்று வந்து இப்பகுதியைக் குளிர்விக்கிறது. இத்தகைய ஊர்களில் ஓட்டத்திற்கெனத் தனித் தடம் அமைந்திருப்பது அரிது. வயலோரச் சாலையும் குளக்கரையும் பள்ளி விளையாட்டுத் திடலுமே படைப்பணியை விரும்பும் இளையோரின் பயிற்சிக்களங்கள்.

பன்னிரண்டாம் வகுப்பை முடிப்போருக்குப் படை அதிகாரியாகும் முதன்மையான வாயில், புணே அருகே கடக்வாசலாவில் 1955 முதல் இயங்கிவரும் தேசியப் பாதுகாப்புக் கல்விக்கழகம். 2022 முதல் பெண்களும் அங்குப் பயிற்சி பெறுகின்றனர். பட்டம் பெற்றோருக்கான அதிகாரிகள் பயிற்சிக் கழகம் 1963இல் சென்னைப் பரங்கிமலையில் தொடங்கப்பட்டது. எழுத்துத் தேர்வு, தேர்வு வாரியத்தின் நேர்காணல், மருத்துவச் சோதனை என்னும் மூன்று படிகளைக் கடந்தோரே தேசியப் பாதுகாப்புக் கல்விக்கழகத்துள் நுழைய இயலும்.

2.4 கிலோமீட்டர் தொலைவை 15 நிமிடங்களில் ஓடுதல், கயிறு தாண்டுதல், குறைந்தது 20 தண்டால், கம்பியைப் பற்றி 8 முறை மேலெழுதல், 3 முதல் 4 மீட்டர் உயரம் கயிறு ஏறுதல் முதலியவற்றை முன்னரே பழகிவருமாறு தேர்வு அறிவிக்கை அறிவுறுத்துகிறது. இந்த அளவுகளைப் படிப்படியாக எட்டினால் உடல் வலுப்பெறும். தேர்வு நெருங்கிய பின் ஒரே மாதத்தில் எட்ட முனைந்தாலோ உடல் முறியும். காயங்கள் பலவும் இந்த அவசரத்தில்தான் பிறக்கின்றன.

புண்ணைப் பேணுதலும் வீரமே

போரில் பெற்ற விழுப்புண்ணைப் பெருமையாகப் போற்றியது தமிழ்மரபு. அம்மரபே புண்ணை ஆற்றும் கலையையும் போற்றியது. பதிற்றுப்பத்தின் ஐந்தாம் பத்தில் பரணர் சேரன் செங்குட்டுவனைப் பாடுகிறார். மார்புப் புண்ணைத் தைக்கும் நெடிய வெள்ளூசிக்கு, மீனைத் தேடிக் குளிர்ந்த குளத்தில் மூழ்கி மேலெழும் சிச்சிலிப் பறவையை அவர் உவமையாக்குகிறார். தைத்து ஆற்றிய தழும்பு மறைக்க வேண்டிய குறையாக அங்குக் கருதப்படவில்லை. மார்பின் சிறப்பாகவே பாடப்படுகிறது.

திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரம், மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பகுக்கிறது. நோயுற்றவர், நோயைத் தீர்ப்பவர், மருந்து, உடனிருந்து பேணுபவர் என்பன அவை. காயமுற்ற மாணவர் தமக்கு நேர்ந்ததை மறைத்தால், ஏனைய மூன்றும் அருகிலிருந்தும் பயன்தாரா.

முதல் மூன்று நாள்கள்

கபடி, கைப்பந்து, ஓட்டம் ஆகியவற்றில் மிகுதியாக நேர்வது கணுக்கால் பிசகு. மக்கள் இதனைச் சுளுக்கு என்பர். பாதம் உட்புறமாக மடங்கும்போது, எலும்புகளைப் பிணைக்கும் இணைப்புநார்கள் இழுபட்டு நைகின்றன அல்லது கிழிகின்றன. அவ்விடத்தில் நுண்ணிய குருதிக்குழாய்கள் உடைவதால் வீக்கம் எழுகிறது.

அமெரிக்க மருத்துவர் கேப் மிர்க்கின் 1978இல் ஓய்வு, குளிர்ச்சி, அழுத்தம், உயர்த்தல் என்னும் நான்கு செயல்களைக் கொண்ட முதலுதவி முறையைப் பரப்பினார். காயமுற்ற உறுப்புக்கு ஓய்வளித்தல், துணியில் சுற்றிய பனிக்கட்டியைச் சிறிது நேரம் வைத்தல், மீள்தன்மையுள்ள கட்டுத்துணியால் இதமாகக் கட்டுதல், உறுப்பை நெஞ்சின் மட்டத்திற்கு மேல் உயர்த்தி வைத்தல் என்பன அச்செயல்கள். பின்னர் 2014இல் அவரே, பனிக்கட்டியையும் முழு ஓய்வையும் நீட்டித்தால் ஆறுதல் தாமதமாகலாம் எனத் தம் கருத்தைத் திருத்திக்கொண்டார். ஆகவே குளிர்ச்சி வலியைத் தணிக்கும் அளவிற்குப் போதும். கடும்வலி தணிந்தபின், மருத்துவர் கூறும் அளவில் மூட்டை மெல்ல அசைக்கத் தொடங்க வேண்டும்.

செய்யத்தகாதவையும் உள. சுளுக்கு எடுப்பதாக எண்ணெய் தேய்த்து அழுத்தி நீவுதல், வெந்நீர் ஒத்தடம், வலியோடு ஓடிப் பார்த்தல் ஆகிய மூன்றையும் முதல் மூன்று நாள்கள் தவிர்க்க வேண்டும். இவை உள்ளே கசியும் குருதியை மிகுவிக்கக்கூடும். குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்து அருவியில் நிற்பது உடலுக்கு இதம் தருவதுதான். எனினும் உயரத்திலிருந்து விழும் நீரின் விசை, புதிதாக வீங்கிய மூட்டின்மீது படுவது நன்றன்று. ஈரப்பாறையில் மீண்டும் கால் பிசகும் இடரும் உண்டு.

எலும்பு முறிந்திருக்குமோ என்னும் ஐயத்திற்கு, கனடாவின் ஒட்டாவா நகர மருத்துவர்கள் 1992இல் எளிய விதிகளை வகுத்தனர். காயமுற்ற உடனும் மருத்துவரிடம் வந்தபின்னும் நான்கு அடி எடுத்துவைக்க இயலாவிட்டாலோ, கணுக்காலின் இருபுறத்து எலும்புப் புடைப்புகளின் பின்விளிம்பை அழுத்தும்போது வலித்தாலோ, ஊடுகதிர்ப் படம் தேவை. மருத்துவர்களுக்கென வகுக்கப்பட்ட இவ்விதிகள், எப்போது மருத்துவமனையை நாட வேண்டும் என்பதை மாணவருக்கும் உணர்த்துகின்றன.

புறத்தே தெரியாத முறிவு

கீழே விழாமல், எதன்மீதும் மோதாமல் எலும்பு முறியுமா? முறியும் என்பதை முதலில் உணர்ந்தவர்கள் படைமருத்துவர்களே. பிரஷ்யப் படைமருத்துவர் பிரைட்ஹௌப்ட், நெடுந்தொலைவு அணிநடை சென்ற வீரர்களின் பாதங்களில் வீக்கமும் வலியும் தோன்றுவதை 1855இல் பதிவுசெய்தார். ஊடுகதிர் 1895இல் கண்டறியப்பட்ட பின்னரே, அவ்வலிக்குக் காரணம் பாத எலும்புகளின் நுண்முறிவு எனத் தெளிவாயிற்று. அதற்கு ‘அணிநடை முறிவு’ என்னும் பெயரும் ஏற்பட்டது.

இம்முறிவு நேரும் முறையைக் குளக்கரைச் சீரமைப்போடு ஒப்பிடலாம். நலிந்த கரையைப் பலப்படுத்துவோர், முதலில் நலிந்த மண்ணை வெட்டி அகற்றுவர். பின்னரே புதுமண் இட்டு இறுக்குவர். வெட்டியதற்கும் நிரப்புவதற்கும் இடைப்பட்ட காலத்தில் வெள்ளம் வந்தால் கரை உடையும். எலும்பும் அவ்வாறே தன்னைப் புதுப்பிக்கிறது. ஓட்டத்தின் சுமை கூடும்போது, பழைய எலும்புத்திசுவை அகற்றும் செல்கள் முதலில் இயங்குகின்றன. புதிய திசுவைக் கட்டும் செல்களின் பணி அதன்பின் மாதக்கணக்கில் நீள்கிறது. இடைப்பட்ட வாரங்களில் ஓய்வின்றிச் சுமையைக் கூட்டினால் நுண்விரிசல்கள் பெருகி முறிவாகின்றன.

கீழ்க்கால் எலும்பில் விரல்நுனியால் தொட்டுக் காட்டக்கூடிய ஓரிடத்தில் வலி, ஓடும்போது மிகுதல், நாளடைவில் நடக்கும்போதும் தொடர்தல் ஆகியன இதன் அறிகுறிகள். தொடக்க வாரங்களில் ஊடுகதிர்ப் படத்தில் இம்முறிவு தெரியாமலும் போகலாம், அந்நிலையில் எம்.ஆர்.ஐ. படம் உதவும். படத்தில் தெரியவில்லை என்பதற்காக ஓட்டத்தைத் தொடர்வது, விரிசலை முழு முறிவாக்கிவிடும். பயிற்சிக்கேற்ற உணவும் இன்றியமையாதது. கேழ்வரகு, பால், கீரை, மீன் முதலியன எலும்பாக்கத்திற்குத் துணைசெய்யும். கடும்பயிற்சியின்போது மாதவிடாய் தடைப்படும் மாணவியருக்கு இம்முறிவு நேரும் வாய்ப்பு மிகுதி; அவர்கள் தயக்கமின்றி மருத்துவரை நாட வேண்டும்.

ஆறும் காலமும் மீளும் படிகளும்

வலி நீங்கிய நாளும் காயம் ஆறிய நாளும் ஒன்றல்ல. எளிய கணுக்கால் பிசகு ஒன்று முதல் மூன்று வாரங்களில் சீராகலாம். கடுமையானது பல வாரங்களை எடுத்துக்கொள்ளும். கீழ்க்கால் எலும்பின் நுண்முறிவு ஆறக் குறைந்தது ஆறு முதல் எட்டு வாரங்கள் தேவைப்படலாம். கபடியில் காலை ஊன்றித் திரும்பும்போது முழங்காலின் உள்ளே இருக்கும் முன்குறுக்கு இணைப்புநார் கிழிவதுண்டு. அதனை அறுவை மருத்துவத்தால் சீரமைத்த பின், திடீர்த் திருப்பங்கள் நிறைந்த விளையாட்டிற்குத் திரும்ப ஒன்பது மாதங்களேனும் காத்திருக்குமாறு மருத்துவ ஆய்வுகள் வலியுறுத்துகின்றன.

காத்திருத்தல் என்பது படுத்திருத்தல் அன்று. கால் ஆறும் காலத்தில் கைகளுக்கும் வயிற்றுத் தசைகளுக்கும் பயிற்சி தரலாம். மருத்துவர் இசைந்தால் நீச்சலும் மிதிவண்டிப் பயிற்சியும் மூச்சுத்திறனைக் காக்கும். பின்னர், வலியின்றி அரைமணி நேரம் நடத்தல், காயமுற்ற காலில் மட்டும் நிலையாக நிற்றல், அக்காலால் குதித்தல், நடையும் ஓட்டமும் கலந்து செல்லுதல், தொடர்ந்து ஓடுதல் என ஒவ்வொரு படியாக ஏற வேண்டும். ஒரு படியில் வலியோ வீக்கமோ தோன்றினால் முந்தைய படிக்கு இறங்குவதே முறை. காயமுற்ற காலின் வலிமை மறுகாலின் வலிமைக்கு ஏறத்தாழ நிகரான பின்னரே முழுப்பயிற்சி தகும். இப்படிகளை இயன்முறை மருத்துவர் ஒருவரின் கண்காணிப்பில் கடப்பது நலம்.

மறைத்தல் என்னும் பேரிடர்

தேர்வு வாரியம் பரிந்துரைத்தவர்களைப் படைமருத்துவர்கள் சோதிக்கின்றனர். முந்தைய நோய், காயம், அறுவை மருத்துவம் பற்றிய வினாக்களுக்குத் தேர்வர் உண்மையான விடை தர வேண்டும். தகுதியில்லை எனத் தீர்ப்பளிக்கப்பட்டவர் மேல்முறையீட்டு மருத்துவக் குழுவை நாடும் வாய்ப்பு உண்டு. அங்கு அவருக்குத் துணைநிற்பவை மருத்துவச் சான்றுகளே. எனவே படம், மருத்துவக் குறிப்பு, அறுவை விவரம், இயன்முறை மருத்துவப் பதிவு ஆகியவற்றை முதல் நாளிலிருந்தே வரிசையாகத் தொகுத்து வைப்பது கடமை.

காயத்தை மறைத்துச் சோதனையைக் கடந்துவிட்டால் என்ன நேரும்? பயிற்சிக் கழகத்தில் விடியல் முதல் ஓட்டம், அணிநடை, சுமைதூக்கி நடத்தல் எனக் கால்களுக்கு ஓய்வில்லை. ஆறாத காயம் அங்கு மீண்டும் உடையும். நெடுநாள் பயிற்சியை இழந்தவர் தம் அணியினரைப் பிரிந்து அடுத்த அணியில் சேர நேரிடும். நிலையான குறைபாடு ஏற்பட்டால் படைப்பணியே கைநழுவும். பயிற்சியின்போது ஏற்பட்ட குறைபாட்டால் இராணுவப் பயிற்சிக் கழகங்களிலிருந்து விடுவிக்கப்பட்டோரின் துயரை, 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. நலமாகச் சென்றவருக்கும் காயம் நேரக்கூடிய களம் அது. அங்கு ஆறாத காயத்தோடு செல்வது துணிவாகாது.

மேலும், படையில் ஒருவரின் கால் அவருக்கு மட்டும் உரியதன்று. மலைச்சரிவில் ஒருவர் தளர்ந்தால் அவரைச் சுமக்கும் பொறுப்பு தோழர்களின் தோள்களில் ஏறும். ஆதலால் உடல்நிலையை உள்ளவாறு உரைப்பது ஒழுக்கத்தின் முதற்பாடமாகும்.

காத்திருந்து வென்றவர்

இந்தியப் படையில் 2016இல் இளநிலை அதிகாரியாகச் சேர்ந்த ஈட்டி எறிதல் வீரர் நீரஜ் சோப்ரா, 2018இல் ஆசிய விளையாட்டில் தங்கம் வென்றார். 2019 மே மாதத்தில் அவரது வலக்கை முழங்கையில் அறுவை மருத்துவம் செய்யப்பட்டது. அவ்வாண்டு தோகாவில் நடந்த உலகத் தடகளப் போட்டியை அவர் இழந்தார். 2020 சனவரியில் தென்னாப்பிரிக்காவில் மீண்டும் களமிறங்கி 87.86 மீட்டர் எறிந்து ஒலிம்பிக்கிற்குத் தகுதிபெற்றார். 2021 ஆகஸ்ட் 7 அன்று டோக்கியோவில் 87.58 மீட்டர் எறிந்து தங்கம் வென்றார்.

அடுத்த ஆண்டு உலகப் போட்டியில் வெள்ளி வென்றபோது தொடையிடுக்கில் காயம் ஏற்பட்டது. காமன்வெல்த் போட்டி சில நாள்களில் தொடங்கவிருந்தது. முந்தைய போட்டியின் தங்கம் அவருடையதே. எனினும் அவர் விலகினார். ஏறத்தாழ ஒரு மாத இடைவெளிக்குப்பின் லோசானில் களமிறங்கி வென்றார். 2023இல் உலக வாகையரும் ஆனார். ஒரு போட்டியை விட்டுக்கொடுத்தது, பின்வந்த போட்டிகளுக்கு உடலைக் காத்துத் தந்தது.

பயிற்சிக் கழகத்தின் வாயில் ஆண்டுக்கு இருமுறை தேர்வின் வழியே திறக்கிறது. தகுதிக்குரிய வயது இருக்கும்வரை ஒரு முறை தவறினும் மறுமுறை உண்டு. முழங்காலும் கணுக்காலுமோ வாழ்நாள் முழுமைக்கும் உரியவை. எப்போது ஓட வேண்டும் என்பதை அறிந்தவரைப் போலவே, எப்போது நிற்க வேண்டும் என்பதை அறிந்தவரும் படைக்குத் தேவைப்படுகிறார்.

தெரிந்து தெளிவோம்

இணைப்புநார்: எலும்பை எலும்போடு பிணைப்பது. தசைநாண்: தசையை எலும்போடு பிணைப்பது. இணைப்புநார் இழுபடுதல் பிசகு எனவும், தசையோ தசைநாணோ இழுபடுதல் தசைப்பிடிப்பிலிருந்து வேறான தசை இழுவை எனவும் வழங்கும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் பள்ளி உடற்கல்வி ஆசிரியரிடம் உரையாடி, விளையாட்டுக் காயங்களுக்கான முதலுதவிக் குறிப்பு ஒன்றை உருவாக்கி வகுப்பறையில் காட்சிப்படுத்துக.
2. ‘வலியைப் பொறுத்தல் வேறு, காயத்தை மறைத்தல் வேறு’ என்னும் தலைப்பில் சொற்போர் நிகழ்த்துக.