சூட்டை அளந்த பிறகு ஸ்பனரை எடுங்கள்

"தம்பி, இதுக்கு ஒரு ஒயில் கூலர் பூட்டித் தாங்க." ஸ்போர்ட்ஸ் கார்க்காரர் கராஜுக்குள் வந்து இப்படிக் கேட்டதும் நம்மில் பலருக்குக் கை நேரே ஸ்பனருக்குப் போகும். அந்தக் கையை அடக்கத் தெரிந்தவர்தான் இந்தத் தொழிலில் மேலே வருகிறார். "பூட்டலாம் அண்ணா. அதுக்கு முதல் ஒயில் எவ்வளவு சூடேறுது எண்டு பார்ப்பம்" என்று சொல்லிப் பழகுங்கள்.

திருகோணமலைச் சீனன்குடாவில் இருந்துகொண்டு ஒயிலைப் பற்றி அலட்சியமாக இருப்பது நமக்கு அழகல்ல. பிரித்தானியர் கட்டிய எண்ணெய்த் தாங்கிகளில் 99 இன்றும் இங்கே நிற்கின்றன. சேர்வோ ஒயில் கலக்கும் ஆலையும் திருகோணமலையில்தான் இருக்கிறது. 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் துறைமுகத்தைத் தாக்க வந்தபோது, இங்குள்ள ஓடுபாதையிலிருந்து 261ஆம் படையணியின் ஹரிக்கேன் விமானங்கள் எழும்பின. அவற்றின் வயிற்றுப் பக்கம் தொங்கிய ரேடியேட்டருக்குள்ளேயே ஒயில் கூலரும் சேர்ந்திருந்தது. ஆக, ஒயிலைத் தனியாகக் குளிரவைக்கும் வேலை இந்த மண்ணுக்குப் புதிதல்ல.

இப்போது இந்த வேலைக்கு ஏன் ஆள் தேவைப்படுகிறது? 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் கதவு திறந்தது. இடைப்பட்ட ஐந்து வருடமும் லான்சர் எவலூஷன், இம்ப்ரெசா, சிவிக் என்று கையிலிருந்ததையே ஆட்கள் பேணிப் பாதுகாத்தார்கள். 1934 முதல் நடந்துவரும் மஹகஸ்தொட்ட மலையேற்றக் கார்ப் பந்தயத்துக்கோ தியத்தலாவை ஃபொக்ஸ் ஹில் பந்தயத்துக்கோ போகிறவர்களுக்கு ஒயில் விஷயம் தெரிந்த கை வேண்டும். அப்படிப்பட்டவர்கள் கொழும்பு வரை தேடிப் போகத் தேவையில்லை என்ற நிலையை நீங்கள் உண்டாக்கலாம்.

முதலில் அளவு. சில கார்களில் ஒயிலின் சூடு ஸ்கேனரிலேயே தெரியும். தெரியாவிட்டால் சம்ப்பின் வடிகால் போல்ட்டைக் கழற்றி, சென்சர் பதித்த போல்ட்டை அதில் போடுங்கள். சீனன்குடாவிலிருந்து கிண்ணியாப் பாலம் வரை போய்வந்தால் எஞ்சின் நன்றாகச் சூடேறிவிடும். சட்டத்துக்குட்பட்ட வேகம் போதும். இந்த ஓட்டத்தில் ஒயில் 90 முதல் 110 பாகை வரை நின்றால் அந்தக் காருக்கு வீதியில் எந்தக் குறையும் இல்லை. பந்தயத் தடத்தில் ஓட்டும்போது 130ஐத் தாண்டுகிறது என்றால்தான் கூலர் பேச்சு. தண்ணீர் சூடேறுகிறது என்று வந்தவருக்கு ஒயில் கூலர் விற்காதீர்கள். அவருடைய ரேடியேட்டரையும் ஃபேனையும் தெர்மோஸ்டாட்டையும் பாருங்கள்.

ஒயில் அளவுக்கு மீறிக் குளிர்ந்தாலும் கேடுதான். எஞ்சினுக்குள் சேரும் ஈரம் ஆவியாகிப் போக ஒயில் நன்றாகச் சூடேற வேண்டும். ஒயில் ஊற்றும் மூடியைத் திறந்து பார்த்தால் உட்புறம் பால் கலந்த தேநீர் நிறத்தில் களி படிந்திருக்கும் கார்கள் பெரும்பாலும் கடைத்தெருவுக்கும் வீட்டுக்கும் மட்டும் ஓடுகிறவை. அப்படி ஓடும் காரில் தெர்மோஸ்டாட் இல்லாத கூலரைப் பூட்டினால் நோயை நாமே வளர்க்கிறோம். எனவே பில்டருக்கும் எஞ்சினுக்கும் இடையில் வைக்கும் சாண்ட்விச் பிளேட், தெர்மோஸ்டாட் உள்ளதாகவே இருக்கட்டும். ஒயில் சுமார் 80 பாகைக்கு வந்த பிறகே அது கூலருக்கு முழுவழி விடும்.

அந்த பிளேட்டை வாங்குவதற்கு முன் பில்டர் திருகும் மரையைப் பாருங்கள். பல டொயோட்டா எஞ்சின்களில் அது முக்கால் அங்குலம், அங்குலத்துக்கு 16 மரை. சுபாரு, ஹொண்டாவில் 20 மில்லிமீற்றர், மரை இடைவெளி 1.5 மில்லிமீற்றர். முக்கால் அங்குலம் என்பது 19.05 மில்லிமீற்றர். கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது, கைக்கும் முதல் ஒரு சுற்று போவதுபோலத்தான் இருக்கும். டொயோட்டா 86இல் இன்னுமொரு பொறி உண்டு. பெயர் டொயோட்டா, எஞ்சின் சுபாரு. அதனால் மரையும் சுபாருவுடையது. பெயர்ப்பலகையை நம்பாமல் மரை அளக்கும் கேஜை வைத்துப் பாருங்கள்.

பிளேட் உட்காரும் முகத்தில்தான் வேலையின் உயிர் இருக்கிறது. பழைய பில்டரின் இறப்பர் வளையம் சிலவேளை எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். விரலால் தடவிப் பார்த்தே அதைக் கண்டுபிடிக்க வேண்டும். அதன்மேல் புதிய வளையம் உட்கார்ந்தால், எஞ்சின் ஸ்டார்ட் ஆனதும் அழுத்தத்தில் ஒயில் பீறிட்டுக் கொட்டும். நூல் உதிராத துணியால் துடையுங்கள், புதிய வளையத்துக்குச் சுத்தமான ஒயில் பூசுங்கள், நடு போல்ட்டைத் தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு டோர்க் ரென்சால் இறுக்குங்கள். "கைப்பக்குவம்" என்ற பேச்சு இந்த இடத்தில் வேண்டாம்.

ஹோஸ் விஷயத்தில் காசு மிச்சம் பிடிக்க விடாதீர்கள். குளிர்ந்த ஒயிலோடு காலையில் ஸ்டார்ட் செய்யும்போது அழுத்தம் 5 பாரையும் தாண்டும். தண்ணீர் ஹோஸும் கிளிப்பும் அதற்குத் தாங்காது. ஒயிலுக்கென்றே செய்த பின்னல் ஹோஸ், திருகு முனை, 10ஆம் இலக்க அளவு. இவைதான் இந்த வேலைக்குப் பொதுவாகப் பொருந்தும். இலக்கம் அங்குலத்தின் பதினாறில் ஒரு பங்கைக் குறிக்கிறது. எனவே 10 என்றால் எட்டில் ஐந்து அங்குலம். எக்ஸோஸ்ட்டிலிருந்து தள்ளிப் பிடியுங்கள், உலோக விளிம்பில் உரசும் இடத்தில் உறை போடுங்கள். சில்லை இரு பக்கமும் முழுதாகத் திருப்பிப் பார்த்த பிறகே கிளிப்பை இறுக்குங்கள்.

கூலரை பம்பருக்குப் பின்னால் காற்று வந்து அடிக்கும் இடத்தில், வாய்கள் மேலே பார்க்கும்படி வைத்தால் உள்ளே காற்றுக்குமிழ் தங்காது. காற்று உள்ளே வர வழி விடுவது போல, வெளியே போகவும் வழி விடுங்கள். பலர் இதை மறந்துவிடுகிறார்கள். நம் ஊரில் உப்புக் காற்று. அலுமினியக் கூலரை இரும்புத் தகட்டில் நேரே திருகினால் தொடும் இடம் வெள்ளைப் பொடியாக அரித்துப்போகும். நடுவில் இறப்பர் போடுங்கள், அதிர்வையும் அது தாங்கும். கழுவும்போது மெதுவாக விடும் நல்ல தண்ணீரே போதும். பிரஷர் வாஷரின் வேகத்தில் மெல்லிய தகடுகள் மடிந்து காற்றுவழி அடைபட்டுவிடும்.

பாவித்த கூலரைக் கொண்டுவந்து பூட்டச் சொல்வார்கள். அது எந்த எஞ்சினிலிருந்து வந்தது என்று கேளுங்கள். பெயரிங் உடைந்த எஞ்சினிலிருந்து வந்த கூலரின் உள்ளே உலோகத் துகள் ஒளிந்திருக்கும். எவ்வளவு கழுவினாலும் முழுதாக வராது. நான் வேலை பழகிய காலத்தில் அப்படி ஒரு கூலர், புதிதாகக் கட்டிய எஞ்சினை ஒரு மாதத்துக்குள் தின்றதைப் பார்த்தேன். சம்ப்பைக் கழற்றியபோது ஒயிலில் மீன் செதில்போல மினுங்கிக்கொண்டிருந்தது. உரிமையாளரின் முகத்தை நிமிர்ந்து பார்க்க எங்களில் ஒருவராலும் முடியவில்லை. அதற்குப் பிறகு, மூலம் தெரியாத கூலருக்கு என் பதில் ஒன்றுதான்: முடியாது.

பூட்டி முடிந்ததும் கூலரில் ஒயில் ஊற்றி நிரப்புங்கள். எரிபொருள் பம்பின் பியூஸைக் கழற்றிவிட்டு, ஒயில் விளக்கு அணையும் வரை ஸ்டார்ட்டரை மட்டும் சுற்றுங்கள், இடையிடையே அதற்கு ஓய்வு கொடுத்து. பிறகு பியூஸைப் போட்டு ஸ்டார்ட் செய்து, நிறுத்தி, ஒயில் மட்டத்தை மீண்டும் பாருங்கள். கூலரும் ஹோஸும் அரை லீற்றர் முதல் ஒரு லீற்றர் வரை குடித்திருக்கும். மூட்டுகளைச் சுற்றி வெள்ளைக் கடதாசியால் ஒற்றினால் கண்ணுக்குத் தெரியாத கசிவும் தெரியும். தடத்தில் ஒரு காரிலிருந்து கொட்டும் ஒயில், பின்னால் வருகிறவரின் உயிரோடு விளையாடும்.

மறுபடியும் அதே கிண்ணியா ஓட்டம். முதல் எண்ணையும் இப்போதைய எண்ணையும் வேலை அட்டையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். மரை அளவு, டோர்க், ஊற்றிய ஒயிலின் அளவு எல்லாம் அதில் வரட்டும். காரில் செய்த மாற்றத்தைக் காப்புறுதிக் கம்பனிக்குச் சொல்லும்படி உரிமையாளருக்கு நினைவூட்டி, அதையும் குறியுங்கள். 100 கிலோமீற்றர் ஓடிய பின் மூட்டுகளைப் பார்க்க வரச் சொல்லித் திகதி கொடுங்கள்.

கராஜிலேயே வேலை பழகி, கையில் சான்றிதழ் இல்லாதவர்களுக்கு இந்த அட்டைகள் இன்னொரு வகையிலும் உதவும். தேசிய தொழிற்றகைமையில் முன்கற்றலை அங்கீகரிக்கும் வழி இருக்கிறது. வகுப்புக்குப் போகாதவரும் தன் வேலையைக் காட்டி மதிப்பீட்டுக்குப் போகலாம். தொழிற்பயிற்சி அதிகார சபையின் அலுவலகத்தில் விசாரியுங்கள். போகும்போது ஒயில் படாத கோப்பு ஒன்றில் அட்டைகளை அடுக்கி எடுத்துக்கொண்டு போங்கள்.