ஐந்து டாலருக்கு விற்ற ஆத்துமம்



"சிம்ப்ஸன்ஸ்" என்பது 1989 முதல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் வந்துகொண்டிருக்கும் சிரிப்புச் சித்திரத் தொடர். தகப்பன் சோம்பேறி, பத்து வயது மகன் பார்ட் போக்கிரி. இதில் ஞானோபதேசம் எங்கே இருக்கப்போகிறது என்பீர்கள். 1995ஆம் ஆண்டு அக்டோபர் 8ஆம் தேதி ஒளிபரப்பான கதையைக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

பார்ட் தன் ஊர்ப் புரொட்டஸ்டாந்து கோயிலில் கீதப் பிரதிகளை மாற்றி, ராக் பாட்டு ஒன்றை வைத்துவிடுகிறான். சபையார் பதினேழு நிமிஷம் பக்தியோடு பாடுகிறார்கள். ஆர்கன் வாசிக்கும் அம்மாள் மயங்கிச் சாய்கிறாள். (நானும் சிரித்தேன், ஒத்துக்கொள்கிறேன்.) போதகர் மிரட்ட, சிநேகிதன் மில்ஹவுஸ் காட்டிக்கொடுக்கிறான். ஆத்துமத்துக்குப் பயந்து சொன்னேன் என்கிறான். ஆத்துமமே கிடையாது, அது பிள்ளைகளைப் பயமுறுத்தக் கட்டிய கதை என்கிறான் பார்ட். அப்படியானால் எனக்கு விற்றுவிடு! விலை ஐந்து டாலர். "பார்ட் சிம்ப்ஸனின் ஆத்துமம்" என்று எழுதிய கடுதாசி கைமாறுகிறது.

அதன்பின் வீட்டு நாயும் பூனையும் அவனைக் கண்டு சீறுகின்றன. கடையின் தானியங்கிக் கதவு அவனுக்குத் திறப்பதில்லை. கண்ணாடியில் ஊதினால் மூச்சு படிவதில்லை. பிரியமான சித்திரத்தைப் பார்த்தும் சிரிப்பு வரவில்லை. இரவில் ஒரு சொப்பனம்: மற்றப் பிள்ளைகள் தத்தம் ஆத்துமத்தோடு சேர்ந்து படகு வலிக்கிறார்கள், இவன் படகு தனியே சுற்றிச் சுற்றி வருகிறது.

இங்கே ஒரு திருத்தம் வேண்டும். ஆத்துமம் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுக்கும் உடைமையல்ல. ஆத்துமமே சரீரத்துக்கு உயிரும் உருவுமாக இருக்கிறதென்று 1312இல் வியேன் பொதுச்சங்கம் போதித்தது. அது உண்மையில் போய்விட்டிருந்தால் பார்ட் கடை வரைக்கும் நடந்தே போயிருக்க மாட்டான்! அப்படியானால் விற்றது என்ன? வெறும் கடுதாசி. ஆனால் தனக்குள் இருப்பது ஐந்து டாலருக்கு மேல் பெறாது என்று தீர்மானித்தானே, அந்தத் தீர்ப்புத்தான் அவனைச் சுடுகிறது. நாம் கடுதாசி எழுதுவதில்லை. ஒரு பொய்க் கையெழுத்துக்கு, ஒரு பொய்ச் சாட்சிக்கு நாம் என்ன விலை வாங்கினோம் என்பதை அவரவர் அறிவோம்.

திருப்பிக் கேட்டபோது மில்ஹவுஸ் ஐம்பது டாலர் என்றான். பிறகு பார்த்தால், ஏதோ விளையாட்டு வில்லைகளுக்காக அதைப் படக்கதைக் கடைக்காரனிடம் கொடுத்திருந்தான். கடைக்காரனோ வேறொருவருக்கு விற்றுவிட்டான். விற்றவன் கையில் விலை நிற்பதில்லை என்பதைக் கவனியுங்கள். கடைசியில் பார்ட் தன் அறையில் முழந்தாளிட்டு அழுது மன்றாடுகிறான். போக்கிரித்தனம் எதுவும் இல்லாத மன்றாட்டு அது.

அப்போது கடுதாசி மேலிருந்து வந்து விழுகிறது. வாங்கியவள் தங்கை லீசா. தமையன் அறியாமல் ஒளித்து வைத்திருந்த உண்டியல் காசு! அடகில் போன நகையை மீட்பது என்கிறோமே, இரட்சணியத்துக்கும் அதே மீட்பு என்ற சொல்தான். தொலைத்தவனுக்கு விலைகொடுக்க வகையில்லை, நேசித்தவள் கொடுத்தாள்.

ஆனால் லீசா அதோடு நிறுத்தவில்லை. ஆத்துமத்தோடு எவரும் பிறப்பதில்லை, துன்பத்தாலும் ஜெபத்தாலும் அதைச் சம்பாதிக்க வேண்டுமென்று சில தத்துவ சாஸ்திரிகள் சொல்வதாக அண்ணனுக்கு எடுத்துரைக்கிறாள். பெற்றோர்களே, இவ்விடத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்: ஒவ்வோர் ஆத்துமத்தையும் சர்வேசுரனே நேராக உண்டாக்குகிறார்; நாம் சம்பாதித்ததல்ல. பார்ட் அந்தத் தத்துவத்தைக் கேட்கவேயில்லை. இனி எவருக்கும் விற்க முடியாதபடி, கடுதாசியை வாயிலிட்டு மென்று விழுங்கிக்கொண்டிருந்தான்.