ஒரே பெட்டியில் நான்கு கணினிகள்



நமது அறக்கட்டளை அலுவலகத்தில் நெடுநாள் ஒரே ஒரு கணினிதான் இருந்தது. காலையில் அதில் வரவு செலவு எழுதுவோம். மாலையில் கணினி வகுப்புப் பிள்ளைகள் அதிலேயே பழகுவார்கள். ஒருநாள் ஒரு பிள்ளை எதையோ பதிவிறக்கப் போய் வைரஸ் புகுந்து, கல்வி உதவி விண்ணப்பப் பட்டியல் திறக்காமல் போய்விட்டது. பிள்ளை மீது குறையில்லை. இரண்டு வேலைகளையும் ஒரே இடத்தில் வைத்தது நாம்தான்.

இன்னொரு கணினி வாங்கப் பணமில்லாததால் விர்ச்சுவல் மெஷின் என்ற வழிக்கு வந்தோம். ஒரு பெரிய வீட்டைத் தடுத்து நான்கு குடித்தனங்களுக்கு விடுவதைப் போன்றது இது. ஒவ்வொரு குடித்தனத்துக்கும் தனி வாசல், தனிப் பூட்டு. கிணறும் மின்சாரமும் மட்டும் பொது. ஒரு மெஷினில் விண்டோஸ் ஓடலாம், பக்கத்து மெஷினில் லினக்ஸ் ஓடலாம். ஒன்று கெட்டால் அதை மட்டும் அழித்துவிட்டு மறுபடி போட்டுக்கொள்ளலாம்.

இது புதிய யோசனையல்ல. 1972-இலேயே ஐபிஎம் நிறுவனம் தன் பெரிய கணினிகளுக்கு இதை வெளியிட்டது. 2005-இல் இன்டெல் தன் பிராசஸரிலேயே இதற்கான வசதியை வைக்கத் தொடங்கிய பிறகு, அது மெல்ல மெல்ல வீட்டுக் கணினிக்கும் வந்து சேர்ந்தது. நாம் பயன்படுத்துவது ப்ராக்ஸ்மாக்ஸ் என்ற இலவச மென்பொருள். ஆஸ்திரியா நாட்டில் உருவானது, லினக்ஸ் மீது ஓடுவது. நிறுவும் முன் பயாஸ் பகுதியில் விர்ச்சுவலைசேஷன் அணைந்திருக்கிறதா என்று பார்த்து இயக்கிவிட வேண்டும். இதைப் பார்க்காமல் நாம் ஒரு முழு நாளை வீணாக்கினோம். இணையத்துக்கு வைஃபையை நம்பாமல் ரவுட்டரிலிருந்து கேபிள் இழுத்துவிடுவது நல்லது.

பங்கு பிரிப்பதில்தான் கவனம் வேண்டும். நம் பெட்டியில் உள்ள மெமரி 16 ஜிபி. ப்ராக்ஸ்மாக்ஸுக்கு 2, கணக்கு மெஷினுக்கு 4, பிள்ளைகளின் மெஷினுக்கு 4, கோப்புகள் வைக்கும் மெஷினுக்கு 2, புதியவற்றைச் சோதிக்க ஒரு சிறு மெஷினுக்கு 2. மீதி 2 ஜிபியைத் தொடுவதில்லை. பிராசஸர் விஷயத்தில் இவ்வளவு கஞ்சத்தனம் வேண்டாம், நால்வரும் ஒரே நேரத்தில் முழுமூச்சாக வேலை செய்வது அரிது. மெமரியோ அப்படியல்ல, இருப்பதற்கு மேல் பங்கு போட்டால் பெட்டியே திணறும். டிஸ்க் இன்னும் ஏமாற்றும். 500 ஜிபி டிஸ்க்கில் ஆளுக்கு 150 என்று நால்வருக்கும் வாக்குக் கொடுக்க அது அனுமதிக்கும். நிரம்பும் நாளில்தான் நால்வரும் சேர்ந்து நிற்பார்கள்.

விண்டோஸ் போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பெட்டி ஒன்றுதானே என்று ஒரே உரிமத்தை எல்லா மெஷின்களுக்கும் போடக் கூடாது. அது பிறர் ஹக். லினக்ஸ் இலவசமாகவே கிடைக்கிறது.

பிள்ளைகளின் மெஷினுக்குக் கணக்குக் கோப்புகளைப் பார்க்கும் வழியே வைக்கவில்லை. மாலையில் வகுப்பு முடிந்ததும் ஸ்னாப்ஷாட் என்ற வசதியால் அதைக் காலை நிலைக்கே திருப்பிவிடுவோம். இது நமக்குப் பெரிய நிம்மதி தந்தது. அந்த நிம்மதியில் கணக்கு மெஷினுக்கும் ஸ்னாப்ஷாட் எடுத்து வைத்துவிட்டு, பாதுகாப்பு முடிந்தது என்று இருந்துவிட்டோம்.

ஒரு காலையில் டிஸ்க் செத்துவிட்டது. நான்கு மெஷின்களும் போயின. ஸ்னாப்ஷாட்களும் அதே டிஸ்க்கில்தான் இருந்தன. தடுப்புச் சுவர் அடுத்த குடித்தனத்துச் சண்டையை உள்ளே விடாது, வீட்டுக்கே தீப்பிடித்தால் என்ன செய்யும்? கையில் இருந்தது ஐந்து வாரப் பழைய பென்டிரைவ் பிரதி ஒன்று. அதன் பிறகு பதிவு செய்த குடும்பங்களின் வீடுகளுக்குக் காகிதத்தோடு மறுபடி போனோம். ஒரு மூதாட்டி, "போன மாசம்தானே தம்பி எல்லாத்தையும் எழுதிட்டுப் போனீங்க?" என்றார். அவருடைய கஷ்டத்தை இரண்டாம் முறை சொல்ல வைத்தோம். நம்மிடம் ஒப்படைத்த அமானிதத்தை நாம் அப்படித்தான் வைத்திருந்தோம்.

இப்போது ஒவ்வொரு இரவும் மெஷின்களின் முழுப் பிரதி தனி டிஸ்க் ஒன்றுக்குப் போகிறது. அதற்கு ப்ராக்ஸ்மாக்ஸிலேயே நேரம் குறித்து வைக்கலாம். வாரம் ஒருமுறை இன்னொரு டிஸ்க்கில் எடுத்து, கடவுச்சொல்லால் பூட்டி, பொருளாளர் வீட்டில் வைக்கிறோம். ஏழைகளின் விவரம் தெருவில் கிடக்கக் கூடாதல்லவா? இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அந்தப் பிரதியைப் புதிய மெஷினாக எழுப்பி, கணக்கைத் திறந்து பார்க்கிறோம். முதல் முறை அது எழும்பவே இல்லை. டிஸ்க் பாதியில் நிரம்பி, பிரதி அரைகுறையாக நின்றிருந்தது. அதைச் சரிசெய்த பிறகுதான் அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினோம்.

வீட்டில் பழைய கணினி வைத்திருக்கும் கல்லூரிப் பிள்ளைகள் இதைச் செய்து பார்க்கலாம். 8 ஜிபி இருந்தால் இரண்டு லினக்ஸ் மெஷின்கள் தாராளமாக ஓடும். பெட்டியோடு இரண்டாவது டிஸ்க்குக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.