சென்னை தூரமா, கட்டுநாயக்கா தூரமா?

நம்பிக்கை: களுவாஞ்சிக்குடிக்குச் சென்னை வெகு தூரம், கொழும்புக்காரருக்குத்தான் அது கிட்ட.

உண்மை: வரைபடத்தில் ஒரு நேர்கோடு போட்டுப் பாருங்கள். கொழும்புக்காரரின் கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்து சென்னை விமான நிலையம் ஏறக்குறைய 645 கிலோமீற்றர். மட்டக்களப்பு நகருக்கு அருகே திமிலைதீவிலுள்ள விமான நிலையத்திலிருந்து அளந்தால் 610 அளவில்தான் வரும். களுவாஞ்சிக்குடியிலிருந்தே அளந்தாலும் 630ஐ ஒட்டித்தான் நிற்கும். கட்டுநாயக்காவைவிட நாம் வடக்கே இருப்பதுதான் காரணம்.

பிறகு ஏன் இவ்வளவு அலைச்சல்? கட்டுநாயக்கா நமக்கு நேர்கோட்டில் 215 கிலோமீற்றர் அளவுதான். ஆனால் பஸ்ஸோ வானோ மட்டக்களப்பு, பொலன்னறுவை, ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் என்று சுற்றிப் போகையில் முந்நூறைத் தாண்டிவிடுகிறது. ரயிலும் மட்டக்களப்போடு நின்றுவிடும். வானத்தில் ஒன்றரை மணித்தியாலம்கூட ஆகாத பயணத்துக்காக, சூட்கேசோடும் பிள்ளைகளோடும் ஓர் இரவு முழுக்கத் தரையில் போகிறது. சிகிச்சைக்காகச் சென்னை போகும் முதியவர்களுக்கு இந்தத் தரைவழிதான் பெரும் பாடு. தூரம் பார்ப்பவர்கள் முதலில் இதைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும்.

நம்பிக்கை: விமானம் மணிக்கு 800 கிலோமீற்றர் போகும், தூரத்தை அதால் வகுத்தால் பயண நேரம் வந்துவிடும்.

உண்மை: அப்படி வகுத்தால் சென்னைக்கு ஐம்பது நிமிடம்கூட வராது. டிக்கெட்டில் இருப்பதோ ஒன்றேகால், ஒன்றரை மணித்தியாலம். விமானம் தரிப்பிடத்தை விட்டு அசைவதிலிருந்து, மறுமுனையில் தரித்து நிற்பது வரை அந்த நேரம் எண்ணப்படுகிறது. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, முறைக்குக் காத்திருப்பது, மெல்ல ஏறி மெல்ல இறங்குவது எல்லாம் அதற்குள் அடக்கம். மூன்று மணித்தியாலம் முன்னதாக வரச் சொல்வது இதற்கு வெளியே.

நம்பிக்கை: லண்டன் போக நேரம் கூட, திரும்பி வரக் குறைவு; பூமி சுழல்வதுதான் காரணம்.

உண்மை: பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்கிறது. அந்த நினைப்புச் சரியென்றால், மேற்கே போகும் விமானத்தை நோக்கி லண்டனே வந்துகொண்டிருக்க வேண்டும். போவதுதான் விரைவாக இருக்க வேண்டும். நடப்பது நேர்மாறு. காற்றும் பூமியோடு சேர்ந்தே சுழல்வதால் சுழற்சியால் இலாபமும் இல்லை, நட்டமும் இல்லை. சுமார் பத்துக் கிலோமீற்றர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் கடுங்காற்றுத்தான் போகையில் எதிர்த்து நிற்கிறது, வருகையில் தள்ளிவிடுகிறது.

நம்பிக்கை: மட்டக்களப்பு ஓடுபாதை சிறியது; அங்கே வெளிநாட்டு விமானம் சரிவராது.

உண்மை: ஓடுபாதை ஒன்றரைக் கிலோமீற்றர் அளவுதான், பெரிய ஜெட் விமானங்களுக்கு அது போதாது. ஆனால் 2019 நவம்பரில் சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையத்துக்கு வரத் தொடங்கியது ஏறத்தாழ எழுபது பேர் அமரும் ஏடிஆர் விமானம். குட்டையான ஓடுபாதைகளிலும் ஏறி இறங்கக்கூடிய வகை அது. கொரோனாவால் நின்ற அந்தச் சேவை 2022 டிசம்பரில் மீண்டும் தொடங்கியது. அதே விமானம் மட்டக்களப்புக்கு வந்தால் இரண்டு மணித்தியாலத்துக்குள் வந்து சேரலாம். திமிலைதீவுக்குச் சர்வதேச விமான நிலையம் என்ற தகுதி 2018 மார்ச்சிலேயே கிடைத்துவிட்டது. சென்னைக்கு ஒழுங்கான சேவைதான் இன்னும் இல்லை. வாக்குக் கேட்டு வருகிறவர்களிடம் இந்த 610 கிலோமீற்றரைச் சொல்லி, அந்தச் சேவையைக் கேளுங்கள்.